ஐந்து அலுவலகங்களுக்கு ஒரே கோப்பு விதி எழுதுவது எப்படி

அரைப் பக்கத் தகவல் உரிமை மனு அது. எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு 2016-இல் விளையாட்டுத் திடல் ஒதுக்கிய ஆணையின் நகல் வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டிருந்தார். 30 நாளில் பதில் தர வேண்டும். அப்படி ஓர் ஆணை போட்டது எனக்கே நினைவிருந்தது. ஆனால் கோப்பு கிடைக்கவில்லை. வருவாயில் அதற்கு ஓர் எண், கல்வி அலுவலகத்தில் வேறு எண். ஊராட்சி ஒன்றியத்தில் 'கிரவுண்டு மேட்டர்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது, உள்ளே சுற்றுச்சுவர் மதிப்பீடு மட்டும். நில அளவையில் புல எண் கேட்டார்கள். கருவூலத்தில் பட்டியல் எண் கேட்டார்கள். 26-ஆம் நாள், மாறுதலாகிப் போன உதவியாளர் ஒருவரின் பழைய மின்னஞ்சலில் 'ஸ்கேன்0047' என்ற பெயரில் ஆணை அகப்பட்டது. தலைகீழாக ஸ்கேன் ஆகியிருந்தது. தாளின் பின்பக்கத்தில் வட்டாட்சியர் எழுதிய நிபந்தனையைக் காணோம், ஏனென்றால் முன்பக்கத்தை மட்டும்தான் ஸ்கேன் செய்திருந்தார்கள்.

அந்த மாதக் கூட்டத்தில்தான், ஐந்து அலுவலகமும் உட்கார்ந்து மின்கோப்புகளுக்குப் பொதுவாக ஒரு முறை எழுதுங்கள் என்று உத்தரவு வந்தது. எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பதிவறை எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள். மூட்டை கட்டத் தெரியும், கணினி அப்போது அரைகுறைதான். இரண்டரை ஆண்டில் நாங்கள் செய்ததை, செய்து கெடுத்ததையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். உங்கள் மாவட்டத்திலோ துறையிலோ இதே வேலை யார் தலையிலாவது விழுந்தால் உதவும்.

யாரைக் கூப்பிடுவது

முதல் கூட்டத்துக்கு அலுவலகத் தலைவர்களைக் கூப்பிட்டது என் முதல் தப்பு. ஐந்து பேரும் வந்தார்கள், டீ குடித்தார்கள், "நல்ல முயற்சி" என்றார்கள், போனார்கள். கோப்பு அவர்கள் மேசைக்குக் கையெழுத்துக்குத்தான் வருகிறது. அது எங்கே பிறக்கிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது, கடைசியில் எந்த அலமாரியில் போய்ப் படுக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் கூட்டத்துக்கு ஒவ்வோர் அலுவலகத்திலிருந்தும் மூன்று பேரைக் கேட்டேன். தபால் பிரித்து, எது யாருக்குப் போகிறது என்று பகிர்மானப் பதிவேட்டில் ஏற்றுபவர், தன்னிடம் வரும் தாள்களைத் தன்பதிவேட்டில் குறித்துவைக்கும் இருக்கை உதவியாளர், முடிந்த கோப்புகளைக் காக்கும் பதிவறைக்காரர். கூட, மாவட்டத் தகவலியல் அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி. அவரிடம் ஒரே நிபந்தனை: முதல் மூன்று கூட்டத்துக்கு மென்பொருளைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. பாவம், அப்படியே இருந்தார். மென்பொருளில் தொடங்கினால் பேச்சு பொத்தான் எங்கே, பாஸ்வேர்டு ஏன் வேலை செய்யவில்லை என்றே போகும். நமக்கு வேண்டியது, எந்த மென்பொருள் வந்தாலும் போனாலும் மாறாத ஒப்பந்தம்.

கையில் என்ன கொண்டுவர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பத்து முடிந்த கோப்பு, ஐந்து நடப்புக் கோப்பு, நிஜமானவை. படம் போட்டு விளக்குவதெல்லாம் வேண்டாம். எழுபத்தைந்து கோப்பை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டோம். எந்தத் தாளால் பிறந்தாய்? உன்னை எந்தப் பெயரில் கூப்பிடுகிறார்கள்? உன் உடன்பிறப்புகள் எந்த அலுவலகத்தில் இருக்கிறார்கள்? யார் உன்னை முடித்தார்கள்? கடைசிக் கேள்விக்குத்தான் பாதிக் கோப்புகளில் பதில் இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

எண்

எண்ணில் மட்டும் ஏழு கூட்டம் போனது. போகட்டும், இங்கே அவசரப்படாதீர்கள்.

நம் ஊர்க் கோப்பு எண்ணைப் பாருங்கள். 'ந.க.எண்.அ3/4512/2016'. அ3 என்பது இருக்கை, அதாவது கோப்பைக் கவனிக்கும் உதவியாளரின் இடம். 4512 வரிசை. அடுத்தது ஆண்டு. கோப்பு முடிந்ததும் 'ந.க.' போய் 'மூ.மு.' (மூன்றாண்டு வைப்பது) என்றோ 'ப.மு.' (பத்தாண்டு வைப்பது) என்றோ முடிவு வகை முன்னால் ஏறும். தாளில் இது அருமையான ஏற்பாடு. எண்ணைப் பார்த்தாலே எந்த இருக்கை, எத்தனை ஆண்டு வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கட்டியவர்கள் முட்டாள்கள் இல்லை.

கணினியில் இது மூன்று வகையில் உதைக்கிறது. முதலாவது, வேலைப் பங்கீடு மாறி அ3 ஒருநாள் ஆ1 ஆகும். அதே கோப்புக்கு இரண்டு பெயர் வந்துவிடும். இரண்டாவது, முடிந்ததும் எண்ணின் முன்பகுதி மாறினால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஏற்கெனவே வெளியே போன நாற்பது கடிதமும் அநாதை. மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் பெரிய தொல்லை: கோப்பின் பெயரில் சாய்கோடு போடக் கணினி விடாது. அதனால் ஒருவர் '4512-2016' என்று சேமிப்பார், இன்னொருவர் '4512 2016', மூன்றாமவர் '4512_16'. தேடினால் மூன்றில் ஒன்றுதான் வரும்.

நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்தது இது: அலுவலகக் குறி, ஆண்டு, ஆறு இலக்க வரிசை எண். 'வரு-2022-004512'. அவ்வளவுதான். முன்னால் பூஜ்யம் ஏன் என்று கேட்டார்கள். கோப்புப் பெயரில் பூஜ்யம் இல்லாவிட்டால் பல இடங்களில் 10 என்பது 2-க்கு முன்னால் வந்து நிற்கும். இருக்கை, தனிக் கட்டத்தில். முடிவு வகை, தனிக் கட்டத்தில். பழைய எண் என்று இன்னொரு கட்டம். அதை யாரும் அழிக்கக்கூடாது, ஏனென்றால் மனுதாரர் கையில் இருப்பது அந்த எண்தான். ஒருமுறை கொடுத்த எண் கோப்பு செத்தாலும் மாறாது, வேறு கோப்புக்குப் போகாது.

'எண்ணுக்குள் அர்த்தம் திணிக்காதே' என்று எங்கள் விதித்தாளில் ஒரு வரி இருக்கிறது. முப்பது ஆண்டு அ3 இருக்கையில் உட்கார்ந்த அண்ணன் ஒருவர் அந்த வரி சேர்ந்த அன்று என்னோடு பேசவில்லை. மறுநாள் வந்து, "சரிம்மா, இருக்கைக் கட்டத்தையாவது முதலில் வை" என்றார். முதலில் வைத்தோம். எந்தச் செலவும் இல்லாத விட்டுக்கொடுத்தல் கிடைத்தால் உடனே கொடுத்துவிடுங்கள்.

நாளும் ஊரும் எழுத்தும்

ஆண்டு என்றால் எந்த ஆண்டு? வருவாயில் ஜமாபந்திக்கு, அதாவது ஆண்டுதோறும் கிராமக் கணக்கைச் சரிபார்ப்பதற்கு, பசலி ஆண்டு. 2021 ஜூலையிலிருந்து 2022 ஜூன் வரை பசலி 1431. கருவூலத்துக்கு ஏப்ரலில் ஆண்டு பிறக்கும். கல்விக்கு ஜூனில். அரசாணையின் தலைப்பில் திருவள்ளுவர் ஆண்டும் இருக்கும். எல்லாம் இருக்கட்டும், எதையும் ஒழிக்க வேண்டாம். ஆனால் தேதிக் கட்டத்தில் மட்டும் ஆங்கில ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை: 2022-04-03. இப்படி எழுதினால் கணினி தானாகக் காலவரிசையில் அடுக்கும். ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்ற சண்டையும் வராது. கடிதத்தில் வழக்கம்போல 03.04.2022 என்றே எழுதிக்கொள்ளட்டும். ஒரு கோப்புக்கு மூன்று தேதி கட்டாயம்: தாள் வந்தது, ஆணை பிறந்தது, கோப்பு முடிந்தது.

ஊர்ப்பெயருக்கு மத்திய ஊராட்சி அமைச்சகம் வைத்திருக்கும் உள்ளாட்சிக் குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஓர் எண். அதை எடுத்துக்கொண்டோம். சொந்தமாகக் குறியீடு உருவாக்கும் ஆசை எல்லாக் குழுவுக்கும் வரும், எங்களுக்கும் வந்தது, ஒரு வாரம் வீணானது. பெயரை மட்டும் நம்ப முடியாது. 2020-இல் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். அந்த நாட்களில் ஒரு சில அலுவலகங்கள் சுறுசுறுப்பாகப் புது எழுத்துக்கூட்டலில் கோப்பு திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என ஐந்து புது மாவட்டம், அடுத்த ஆண்டு மயிலாடுதுறை. மாவட்டம் பிரியும்போது பாதிக் கோப்பு லாரியில் போகும், பாதி பழைய இடத்தில் தங்கும். மின்கோப்பு என்றால் லாரிகூட வேண்டாம், ஒரு நகல் அங்கே, ஒரு நகல் இங்கே. எது மூலம் என்று அதற்கப்புறம் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே விதியில் இதையும் எழுதுங்கள்: எல்லை மாறினால் கோப்பு எண் மாறாது, பொறுப்பு அலுவலகம் என்ற கட்டம் மட்டும் மாறும், மாறிய தேதியும் அதில் இருக்கும்.

இப்போது எழுத்து. எங்கள் 75 கோப்பில் 41 கோப்பின் கணினிப் பிரதி பழைய எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் கஞ்சிதான். தமிழ்நாடு அரசு 1999-இல் டேம், டேப் என்ற குறியாக்கங்களை, அதாவது எழுத்தைக் கணினி எண்ணாகச் சேமிக்கும் முறைகளை, ஏற்றது. 2010-இல் ஒருங்குறியையும் (யூனிகோட்) டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. ஆனால் தட்டச்சர் கை பழைய எழுத்துருவில் பழகியிருந்தால் அரசாணை என்ன செய்யும்? நாங்கள் யாரையும் திட்டவில்லை. விசைப்பலகை அமைப்பு அவரவர் பழக்கப்படி இருக்கட்டும், வெளியே வருவது மட்டும் ஒருங்குறியாக இருக்கட்டும் என்று சொன்னோம். விசைப்பலகையும் குறியாக்கமும் வேறு வேறு என்று புரியவைத்ததில் முக்கால்வாசி எதிர்ப்பு அடங்கிவிட்டது.

ஒருங்குறியிலும் கண்ணுக்குத் தெரியாத குழி இருக்கிறது. 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் உள்ளிடலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் தேடினால் ஒன்று வரும், ஒன்று வராது. 'ஸ்ரீ' எழுதவும் இரண்டு வழி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோப்பைத் தேடியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். 'ஔ' என்பதற்கு 'ஒ'வும் 'ள'வும் தட்டுபவர்கள் வேறு. முதல் வகைக்கு மட்டும் சுலபமான மருந்து இருக்கிறது: சேமிக்கும்போதே குறிகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம். மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்தில் இதை ஒரு வரியாகச் சேருங்கள். மற்றவற்றுக்கு ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துத் தேட வேண்டியதுதான். தகவலியல் தம்பி வாய் திறந்த முதல் நாள் இதைத்தான் சொன்னார். மூன்று கூட்டம் காத்திருந்ததற்கு வட்டியோடு கொடுத்துவிட்டார்.

முடிவு வகை

இதுதான் உயிர்நாடி. மற்றதை எல்லாம் சொதப்பினாலும் இதைச் சரியாகச் செய்துவிட்டால் தப்பிக்கலாம்.

ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. மூன்றாண்டு, ப.மு. பத்தாண்டு, நி.மு. நிரந்தரம். நம் அலுவலகங்களில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரிந்த நான்கு பிரிவு. வெளிநாட்டு வழிகாட்டிகளில் வரும் கால அட்டவணைகளைப் பார்த்துப் பிரமித்துப் போன ஒரு சார் எங்களிடம் பதினேழு வகை கொண்டுவந்தார். பணிவாக மறுத்தோம். கை பழகிய நான்கும் போதும்.

சிக்கல் வகையில் இல்லை, நேரத்தில். தாள் காலத்தில் வகை கோப்பு முடியும்போது போடுவார்கள். முடிக்க வேண்டிய கட்டாயமும் இருந்தது: அலமாரி நிரம்பும், எலி வரும், கரையான் வரும், ஆய்வுக்கு வரும் அதிகாரி தரையில் கிடக்கும் மூட்டையைப் பார்த்துக் கத்துவார். அந்தச் சங்கடங்கள்தான் எங்களைக் கோப்பு முடிக்க வைத்தன. கணினிக்கு எலி வராது. நிரம்பினால் இன்னொரு டிஸ்க் வாங்குவார்கள். ஆகவே யாரும் எதையும் முடிப்பதில்லை. மேசையில் பரப்பிய 75-இல் 'முடிந்தவை' என்று வந்த 50 கோப்பில் 27-க்கு மின்பிரதியில் முடிவு வகையே இல்லை. ஓராண்டில் கழிக்க வேண்டிய நினைவூட்டுக் கடிதமும், என்றைக்கும் காக்க வேண்டிய நில ஒப்படைப்பும் ஒரே ஃபோல்டரில் தோளில் கை போட்டுக்கொண்டு கிடந்தன.

அதனால் வகையைப் பிறப்புக்கு நகர்த்தினோம். கோப்பு திறக்கும்போதே பொருளைத் தேர்ந்தெடுத்தால் வகை தானாக விழ வேண்டும். நிலம் ஒதுக்கீடு என்றால் நி.மு. பண்டிகை முன்பணம் என்றால் மூ.மு. முடிக்கும்போது கண்காணிப்பாளர் அதை மாற்றலாம், ஆனால் காரணம் ஒரு வரி எழுத வேண்டும். இதற்கு ஐந்து அலுவலகத்துக்கும் பொதுவான பொருள் பட்டியல் தேவைப்பட்டது. முதல் வரைவில் 212 பொருள். யாரும் படிக்கவில்லை. 60-க்குக் குறைத்தோம், ஒவ்வோர் அலுவலகத்துக்கும் சொந்தமாகப் பத்து, பொதுவாகப் பத்து. 'இதர' என்ற பொருளை மட்டும் வைக்கவே கூடாது என்று நான் அடம்பிடித்தேன். வைத்தால் எல்லாம் அங்கேதான் போய் விழும். தோற்றேன், வைத்தார்கள், எல்லாம் அங்கேதான் போய் விழுந்தது. ஆறு மாதம் கழித்து எடுத்தோம்.

அடுத்தது தாய்க் கோப்பு. விளையாட்டுத் திடல் விஷயத்தில் ஐந்து அலுவலகத்திலும் ஐந்து கோப்பு இருந்தது அல்லவா? ஐந்தையும் நிரந்தரமாக வைத்தால் குப்பை, ஐந்தையும் கழித்தால் கொலை. ஆணையில் யார் கையெழுத்தோ அந்த அலுவலகத்தின் கோப்பு தாய். அது மட்டும் முழுக் காலமும் இருக்கும். மற்றவை பிள்ளைகள், தாயின் எண்ணைத் தம் கட்டத்தில் சுமக்கும், சொந்தத்தில் பணமோ பணியாளர் விவகாரமோ இல்லை என்றால் ஓராண்டில் போகலாம். இதில் கருவூலத்தார் ஒத்துக்கொள்ளவில்லை, அவர்கள் சொன்னதும் நியாயம்: பணம் பட்டுவாடா ஆன கோப்பைத் தணிக்கை முடியும் வரை தொடக்கூடாது. அதற்காக 'நிறுத்தி வை' என்று ஒரு கொடி வைத்தோம். வழக்கு, தணிக்கைத் தடை, தகவல் ஆணையத்தில் மேல்முறையீடு, இந்த மூன்றில் எது இருந்தாலும் கொடி ஏறும். கொடி ஏறிய கோப்பை எந்த வகையும் கழிக்க முடியாது. ஏற்றியவர் பெயரும் தேதியும் இருக்கும், இறக்கவும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

கழிப்பதற்கும் சடங்கு வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரியில், கழிக்க வேண்டியவற்றின் பட்டியல். இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்து. அதன்பின் காப்புப் பிரதியிலிருந்தும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் கழித்ததாக நினைத்த கோப்பு மூன்று ஆண்டு கழித்துப் பேய்போல் எழுந்து வரும். கோப்பு போனாலும் ஒரு தடம் நிற்க வேண்டும்: எண், பொருள், முடிந்த தேதி, கழித்த தேதி, யார் ஆணைப்படி. மனுதாரரிடம் "கிடைக்கவில்லை" என்று சொல்வதற்கும் "இந்தத் தேதியில் விதிப்படி கழிக்கப்பட்டது" என்று சொல்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கவுண்டரில் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள். மத்திய அரசுப் பதிவுகளுக்கான 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முறைமீறிப் பதிவை அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது மாநில அலுவலகங்களுக்கான சட்டம் இல்லை என்றாலும், கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டியதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சட்டம், கொஞ்சம்

நீண்ட சட்ட முகவுரை எழுதாதீர்கள். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7-ஆம் பிரிவை மட்டும் சுவரில் ஒட்டுங்கள். மின்பதிவு பின்னாளிலும் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். உண்டான வடிவிலோ, அதைத் துல்லியமாகக் காட்டும் வடிவிலோ இருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது, எங்கே போனது, எந்த நாள், எந்த நேரம் என்பது தெரிய வேண்டும். மூன்றே நிபந்தனை. எங்கள் விதிகளில் பாதி இதற்கு உரைதான். தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் பதிவுகளை அட்டவணைப்படுத்தி வைக்கச் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது தரும் சான்றிதழில் அதன் ஹாஷ் மதிப்பையும் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும். நாங்கள் கோப்பு முடியும்போதே அதைக் கணக்கிட்டு ஒரு கட்டத்தில் போடுகிறோம்.

ஐ.எஸ்.ஓ. 15489 என்ற பன்னாட்டுத் தரத்தையும் படித்தேன். 1996-இல் ஆஸ்திரேலியாவில் வந்த தரத்தை அடியொற்றி 2001-இல் பிறந்தது, 2016-இல் திருத்தியது. நல்ல பதிவுக்கு அது சொல்லும் நான்கு குணம்: உண்மையானது, நம்பத்தக்கது, சிதையாதது, பயன்படுத்தக்கூடியது. நான் இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன், எங்கள் தாளில் அதிலிருந்து அரை வரிதான் வந்தது. ஆனால் சண்டை வந்தபோதெல்லாம் இந்த நான்கு குணத்தில் எது கெடுகிறது என்று கேட்டால் சண்டை சீக்கிரம் முடியும்.

ஸ்கேன்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்குலத்துக்கு 300 புள்ளி. இரண்டு பக்கமும், பின்பக்கம் காலியாக இருந்தாலும். காலிப் பக்கத்தை எதற்கு என்று கேட்பார்கள். அது காலி என்று நிரூபிக்கத்தான். அலுவலகக் குறிப்புகள் இருக்கும் குறிப்புக் கோப்பும், கடிதங்கள் இருக்கும் நடப்புக் கோப்பும் தனித்தனியாக, தாள் எண் போட்ட பிறகு. நீண்டகாலம் வைப்பதை பி.டி.எஃப்-ஏ வடிவில் வையுங்கள். எழுத்துருவைத் தனக்குள்ளேயே சுமக்கும் வகை அது, 2005-இலேயே பன்னாட்டுத் தரமாகிவிட்டது. கணக்குத் தாளை பி.டி.எஃப். ஆக்கிவிட்டு மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் சூத்திரம் போய்விடும். இருபதுக்கு ஒரு கோப்பை வேறொருவர் திறந்து தாளோடு ஒப்பிட வேண்டும். தாளை மூட்டையில் கட்டிப் பதிவறைக்கு அனுப்புவது ஒப்பிட்ட பிறகுதான்.

மின்கையொப்பத்தில் ஒரு சங்கதி. கையொப்பச் சான்றிதழ் இரண்டு மூன்று ஆண்டில் காலாவதியாகும். அப்புறம் திறந்தால் பச்சை டிக் இருந்த இடத்தில் கேள்விக்குறி நிற்கும், ஆணையே செல்லாது என்று ஒருவர் கிளப்பிவிடுவார். செல்லும். கையெழுத்திட்ட நாளில் சான்றிதழ் உயிரோடு இருந்ததா என்பதுதான் கேள்வி. ஆகவே நேரமுத்திரையோடு கையெழுத்திடுங்கள், அன்றே சரிபார்த்த விவரத்தைக் கோப்பில் ஏற்றுங்கள்.

வாட்ஸ்ஆப்

வெள்ளம் வந்த நாளில் ஓர் அதிகாரி இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்ஆப்பில், "பள்ளியைத் திற, முகாம் போடு" என்கிறார். அது உத்தரவா, பேச்சா? மூன்று மாதம் கழித்து அரிசிக் கணக்குக் கேட்கும்போது அது உத்தரவு. அதை வாங்கியவர் போன் மாற்றியிருப்பார், குழுவை விட்டு வெளியேறியிருப்பார். எங்கள் விதி: செய்தியால் ஒரு ரூபாய் செலவானாலோ ஒரு பூட்டு திறந்தாலோ, மூன்று வேலை நாளுக்குள் அதைக் கோப்பில் ஏற்றி, சொன்னவரிடம் பின்னேற்பு, அதாவது நடந்த பிறகு தரும் ஒப்புதல், வாங்க வேண்டும். படம் பிடித்து ஏற்றினால் போதுமா என்று கேட்டார்கள். படத்தோடு செய்தியைத் தட்டச்சும் செய்யுங்கள்; படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது. உள்ளதிலேயே அதிகம் மீறப்படும் விதி இதுதான் என்பதையும் மறைக்கவில்லை.

எழுதி முடித்த பிறகு

முதல் வரைவு 34 பக்கம். அதைப் பார்த்து ஒரு பதிவறைக்காரர், "மேடம், இதையே எந்த வகையில் முடிப்பது?" என்றார். கிண்டல்தான், ஆனால் உறைத்தது. நான்கு பக்கத்துக்குக் கொண்டுவந்தோம்: விதி 14, கட்டம் 12. கட்டாயக் கட்டம் அதில் ஒன்பது. மற்ற மூன்றும் விருப்பம். விளக்கமெல்லாம் தனி இணைப்பில்.

ஐந்து இடத்திலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். நாங்கள் ஊராட்சி ஒன்றியத்தில் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தோம், அங்கேதான் தாள் அதிகம், ஆள் குறைவு. அங்கே நடந்தால் எங்கும் நடக்கும். பழைய கோப்பு எல்லாவற்றையும் மாற்றும் ஆசையையும் விட்டுவிடுங்கள். ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பின் பிறப்பவை புது முறை. பழையவற்றில் நி.மு. மட்டும், கேட்டு வரும்போது ஒவ்வொன்றாக.

விதித்தாளுக்குப் பதிப்பு எண்ணும் தேதியும் கட்டாயம். அந்தத் தாளுக்கே ஒரு கோப்பு திறந்து, எண் கொடுத்து, நி.மு. போட்டோம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் யார் கேட்டார்கள், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி அதில் இருக்கும். மாறுதலாகி வருபவர் "இதை ஏன் இப்படி வைத்தீர்கள்" என்று கேட்பார், நாம் அங்கே இருக்க மாட்டோம்.

முதல் ஆண்டு முடிந்து ஐந்து அலுவலகமும் மறுபடி உட்கார்ந்தபோது விருப்பக் கட்டம் மூன்றையும் பார்த்தோம். 'தேடுசொல்' என்ற கட்டத்தை 1,900 கோப்பில் 40 பேர்தான் நிரப்பியிருந்தார்கள், அதிலும் பாதிப் பேர் 'கோப்பு' என்று. அடித்துவிட்டோம். எஞ்சிய இடத்தில் 'மனுதாரர் குறிப்பிடும் பெயர்' என்று ஒரு கட்டம் வைத்தோம். விளையாட்டுத் திடல் கோப்பில் இப்போது அந்தக் கட்டத்தில் 'கிரவுண்டு மேட்டர்' என்று இருக்கிறது.